வண்டி போகாத குட்டையில் வசந்த கால பாஸ்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கே பாஸ் என்றால் அலுவலகத்தில் நமக்கு மேலே உட்கார்ந்திருப்பவர் இல்லை. வட அமெரிக்காவின் நன்னீரில் வாழும், பெரிய வாயும் முன்கோபமும் கொண்ட ஒரு மீன். அதைப் பிடிக்கப் படகு, தண்ணீருக்கடியில் மீனைக் காட்டும் சோனார், ஐந்தாறு ராடு (தூண்டில் கோல்) என்று ஒரு கடையையே கட்டி இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. முதுகில் ஒரு பையும் கையில் ஒரே ஒரு தூண்டிலுமாக, சாலையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் காட்டுக்குள் நடந்து, பெயர்கூட இல்லாத ஒரு குட்டையின் கரையில் நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கானது இது.

ஏன் வசந்த காலம்? கோடையில் பெரிய மீன்கள் ஆழத்துக்குப் போய்விடும், அல்லது அல்லி இலைகளுக்கு அடியில் புகுந்துகொள்ளும். கரையில் நிற்பவனுக்கு எட்டாது. பனி உருகிய பின் வரும் சில வாரங்களில் மட்டும் நிலைமை தலைகீழ். சூட்டைத் தேடியும், அப்புறம் முட்டையிட இடம் தேடியும், குட்டையில் உள்ள பெரிய மீன்களே கரையோரம் முழங்கால் அளவுத் தண்ணீருக்கு வந்துவிடும். படகில்லாதவனுக்கு ஆண்டில் வாய்க்கிற நல்ல காலம் அதுதான்.

மீனைப் பற்றி இரண்டு வார்த்தை. பாஸில் முக்கியமாக இரண்டு வகை. வாயை மூடியிருக்கும்போது மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் அது லார்ஜ்மவுத். பச்சை உடம்பில் தலை முதல் வால் வரை கறுப்பாக ஒரு பட்டை ஓடும். தாடை கண்ணுக்குக் கீழேயே நின்று, உடம்பு பித்தளை நிறமாக, கோடுகள் மேலிருந்து கீழாக இருந்தால் ஸ்மால்மவுத். சேறும் செடியுமான சின்னக் குட்டையில் பெரும்பாலும் முதல் வகைதான். 1932 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த உலக சாதனை லார்ஜ்மவுத் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதற்குச் சமமாக ஒன்றைப் பிடித்தார். நாம் போகிற குட்டையில் அரைக் கிலோ, முக்கால் கிலோ கிடைக்கும். ஒரு கிலோவைத் தாண்டினால் அன்றைக்கு நல்ல நாள்.

எந்தக் குட்டை?

இதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். வரைபடத்தில் நீலமாகத் தெரிவதிலெல்லாம் மீன் இருக்காது. மீன் இருந்தாலும் அது பாஸாக இருக்காது.

ஆழம் குறைந்த குட்டையில் குளிர்காலத்தில் ஒரு ஆபத்து உண்டு. மேலே பனிக்கட்டி மூடி, அதன்மேல் பனி குவிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. செடிகள் ஆக்சிஜன் விடுவதை நிறுத்திவிடும், அழுகுகிற இலைகள் இருப்பதையும் தின்றுவிடும், மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். அதனால் கடுங்குளிர் பிரதேசத்தில் எங்காவது மூன்று நான்கு மீட்டர் ஆழமாவது இருக்கிற குட்டையைத் தேடுங்கள். பல மாநிலங்களின் மீன்வளத் துறைகள் குளங்களின் ஆழ வரைபடங்களையும், எந்தக் குளத்தில் எந்த மீன் என்ற கணக்கெடுப்பையும் இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கின்றன. மலை உச்சிக்குப் பக்கத்திலுள்ள குளிர்ந்த குளங்கள் பெரும்பாலும் டிரவுட் மீனுக்குரியவை. சிலவற்றில் விமானத்திலிருந்தே குஞ்சுகளைக் கொட்டுவார்கள். பாஸ் வேண்டுமென்றால் கீழே, தாழ்வான நிலத்தில், சதுப்பும் செடியும் சூழ்ந்த குட்டையைப் பாருங்கள். ஏற்கெனவே பாஸ் இருக்கிற ஓடையோடு அது இணைந்திருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, நிலவரைபடமும் செயற்கைக்கோள் படமும். அமெரிக்காவில் 1:24,000 அளவிலான அரசு நிலவரைபடம் கிடைக்கும். அதில் சமஉயரக் கோடுகள் குட்டையை ஒட்டி நெருக்கமாக இருக்கும் பக்கம் பெரும்பாலும் செங்குத்து, கோடுகள் விலகியிருக்கும் பக்கம் பெரும்பாலும் ஆழமில்லாத மேடை. நீங்கள் தூண்டில் போடப்போவது இந்த இரண்டாவது பக்கத்தில். அதே இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் வைத்துப் பார்த்து, விழுந்து கிடக்கிற மரங்கள், கோரைப் பட்டைகள், ஓடை வந்து சேரும் வாய் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படம் எந்த ஆண்டு எடுத்தது என்பதையும் பாருங்கள். ஒருமுறை நான் நாலு கிலோமீட்டர் நடந்து, கடைசி அரைக் கிலோமீட்டர் முள்ளுக்குள் குனிந்து புகுந்து வெளியே வந்தால், எதிரே பச்சைப் பசேலென்று புல்வெளி. நடுவில் ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. மரத்தைக் கடித்து வீழ்த்தி அணை கட்டும் பீவர் என்ற விலங்கு கட்டியிருந்த அணை எப்போதோ உடைந்து, குட்டை வடிந்து, மான் மேய்கிற இடமாகிவிட்டிருந்தது. படத்தில் மட்டும் அது இன்னும் குட்டை. பீவர் குட்டைகளின் ஆயுசு அவ்வளவுதான். அதற்கப்புறம் பல ஆண்டுப் படங்களை வரிசையாக வைத்துப் பார்க்காமல் கிளம்புவதில்லை.

போகலாமா, பிடிக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா

மூன்றும் தனித்தனிக் கேள்விகள். தூண்டில் உரிமம் வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

போவதற்கான உரிமை இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 10 ஏக்கருக்கு மேற்பட்ட இயற்கைக் குளங்கள் பொதுச்சொத்து. பண்படுத்தாத நிலத்தின் வழியே நடந்தே அவற்றை அடைய மக்களுக்கு உரிமை உண்டு. மாசசூசெட்ஸ் காலனி 1640-களில் போட்ட ஆணையின் தொடர்ச்சி அது. வேறு பல இடங்களில் நிலத்துக்காரர் பலகை வைத்திருந்தால் அவ்வளவுதான், திரும்பிவிட வேண்டும். நேரில் போய்க் கேட்டால் பலர் சம்மதிப்பார்கள் என்பது என் அனுபவம். கேட்காமல் நுழைந்தவனை யாரும் மறப்பதில்லை என்பதும் அனுபவம்தான்.

வசந்த காலம் முட்டையிடும் காலம் என்பதால், அப்போதைக்குத் தனி விதிகள் இருக்கும். நியூயார்க் மாநிலத்தில் பொதுவாக டிசம்பர் 1 முதல் ஜூன் 14 வரை பாஸைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும், செயற்கை இரைதான் போடலாம். கனடாவின் ஒன்டாரியோவில் பல பகுதிகளில் ஜூன் மாதம் பாதி தாண்டும்வரை பாஸைக் குறிவைப்பதே கூடாது. பிவா ஏரி இருக்கும் ஷிகா மாகாணத்திலோ நேர்மாறு: அங்கே பாஸ் வந்தேறி மீன், பிடித்ததைத் திரும்ப ஏரியில் விடுவது தடை. அதனால் பக்கத்து மாநிலத்தின் பழக்கத்தை நம்பிப் போகாமல், அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

இரையை மூழ்கவைக்க நரம்பில் கோக்கும் ஈயக் குண்டும் சில இடங்களில் தடை. வெர்மாண்டில் அரை அவுன்சும் அதற்குக் குறைவுமான ஈயக் குண்டுகளும், நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு அவுன்சுக்கு மேற்படாத ஈயக் குண்டுகளும், ஈயத் தலை பொருத்திய முள்ளான ஜிக்குகளும் கூடாது. லூன் என்ற நீர்ப்பறவை அவற்றை விழுங்கிச் செத்துப்போவதுதான் காரணம். டங்ஸ்டன் குண்டு விலை கூடுதல். ஆனால் இந்த வேலைக்கு நான்கைந்து குண்டு போதும்.

நாள் பார்ப்பது

பஞ்சாங்கம் வேண்டாம், தெர்மாமீட்டர் போதும். பாஸின் வசந்த காலம் தேதியைப் பார்த்து வருவதில்லை, தண்ணீரின் சூட்டைப் பார்த்து வருகிறது. தென் புளோரிடாவில் டிசம்பர், ஜனவரியிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். கனடா எல்லைப் பக்கம் மே கடைசி, ஜூன் வரை ஆகும்.

தண்ணீர் 7, 8 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது மீன் சோம்பிக் கிடக்கும், மூக்குக்கு முன்னால் போட்டாலும் யோசிக்கும். 10-ஐத் தொட்டதும் நகரத் தொடங்கும். 13-லிருந்து 16 வரைதான் நமக்கு வேண்டிய காலம்: முட்டையிடும் முன் வெறியோடு தின்று தேற்றிக்கொள்ளும். 16-ஐத் தாண்டி 20, 21 வரை கூடு கட்டி முட்டையிடும் காலம். ஃபாரன்ஹீட்டில் யோசிக்கிறவர்கள் 50, 55, 60, 70 என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சின்னக் குட்டை பெரிய ஏரியைவிடச் சீக்கிரம் சூடேறும். பக்கத்து ஏரிக்குப் போய்த் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, ‘இன்னும் ஆகவில்லை’ என்று உட்கார்ந்திருந்தால் குட்டையில் விருந்து முடிந்திருக்கும். மூன்று நான்கு நாள் தொடர்ந்து வெயில், இரவிலும் அவ்வளவாகக் குளிர் இல்லை என்றால் கிளம்பிவிடுங்கள். திடீரென்று வாடைக்காற்று வந்து, அடுத்த நாள் வானம் துடைத்துவிட்டாற்போல் நீலமாக இருந்தால் அது படம் எடுக்கத்தான் நல்ல நாள். மீன் வாயைத் திறக்காது.

இன்னொன்று. மீன்பிடிக்க விடியற்காலையில் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கோடைக்கு அது சரி. வசந்தத்தின் தொடக்கத்தில் விடியற்காலைத் தண்ணீர்தான் நாளிலேயே குளிர்ந்த தண்ணீர். மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் குட்டையில் இருக்கிற மாதிரி கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். காலையில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்பது கூடுதல் லாபம்.

பையில் என்ன

தண்ணீர் நீங்கலாக மொத்தச் சுமை ஐந்து கிலோவைத் தாண்டினால் எதையோ வீணாகத் தூக்குகிறீர்கள் என்று அர்த்தம். நீளமான ராடு காட்டில் ஒவ்வொரு கிளையோடும் சண்டை போடும். ஆறரை, ஏழு அடி நீளத்தில், நான்கு துண்டாகக் கழற்றும் மீடியம் வகை ஸ்பின்னிங் ராடு ஒன்று, 2500 அளவு ரீல், அதில் 8 அல்லது 10 பவுண்டு தாங்கும் தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு. புதியவர்களுக்குச் சாதாரண நைலான் நரம்பே நல்லது. முடிச்சு நிற்கும், மலிவு.

இரைகள் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடங்க வேண்டும். ஐந்து அங்குல ரப்பர் புழு, கரும்பச்சையில் ஒரு பாக்கெட், கறுப்பில் ஒன்று. தகடு சுழலும் இரையான ஸ்பின்னர்பெயிட், கால் அவுன்சில் ஒன்று. நின்ற இடத்தில் மூழ்காமல் மிதக்காமல் நிற்கும், குட்டி மீன் வடிவ ஜெர்க்பெயிட் ஒன்று. 1/0, 3/0 அளவில் தூண்டில் முள் பத்து. புழுவில் மாட்ட ரப்பர் வளையம் பத்து. இவ்வளவே. ஆசை யாரை விட்டது, நீங்கள் இன்னும் நாலு வைப்பீர்கள். அவற்றில் மூன்று வெளியே வராது.

முள் கழற்ற மூக்குக் குறடு, நரம்பு வெட்டி, போலரைஸ்டு கண்ணாடி, தெர்மாமீட்டர். கண்ணாடியை அழகுக்குச் சொல்லவில்லை. தண்ணீர் மேலுள்ள பளபளப்பை அது நீக்கிவிடும், அடியில் கிடக்கிற மரமும் மேலே நிற்கிற மீனும் தெரியும்.

மற்றவை உயிருக்கு. இணையமில்லாமல் திறக்கும் வரைபடமும், காகிதத்தில் ஒரு பிரதியும், காம்பஸும். தலைவிளக்கு, விசில், மழைச்சட்டை, கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை, ஒரு ஜோடி காய்ந்த காலுறை. பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸ் போட்டுப் போகாதீர்கள். குடிநீர் வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள், பீவர் குட்டைத் தண்ணீரை அப்படியே குடித்தால் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி வந்து வாரக்கணக்கில் வயிறு பாடாய்ப் படுத்தும். பல மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்கள் வான்கோழி வேட்டைக் காலம் என்பதால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தொப்பி போடுங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் வேண்டாம். ஆண் வான்கோழியின் தலை அந்த மூன்று நிறங்களில்தான் இருக்கும்.

நடை

1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நல்ல பாதைக்கு அது சரியாக வரும். பனி உருகிய சேற்றில், பாதையில்லாத காட்டில், அதை அப்படியே இரண்டால் பெருக்குங்கள். மூன்று கிலோமீட்டர் குட்டைக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கலாம்.

திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்: எந்தக் குட்டை, வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிக்குள் வரவில்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும். ‘இன்னும் ஒரே ஒரு எறி’ என்று அரை மணி நேரம் ஓடிவிடும், எல்லோருக்கும் அப்படித்தான். கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.

பாதையை விட்டு இறங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தபடி நடங்கள். போகும்போது பார்த்த காடு வேறு, வரும்போது பார்க்கிற காடு வேறு. ஓடையைத் தாண்ட வேண்டியிருந்தால், காலையில் கணுக்கால் அளவு இருந்தது பனி உருகும் நாளில் மாலைக்குள் முழங்காலுக்கு ஏறிவிடலாம் என்பதை மறக்க வேண்டாம்.

குளிர்ந்த தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெயில் சுள்ளென்று அடிக்கும், சட்டையைக் கழற்றலாம் போலிருக்கும், ஆனால் தண்ணீர் 10 டிகிரிதான். குளிர்நீர்ப் பாதுகாப்பில் 1-10-1 என்று சொல்வார்கள். விழுந்தால் திணறும் மூச்சைச் சீராக்கி நிதானத்துக்கு வர ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். வழுக்கும் மரக்கட்டை மேல் ஏறி நின்று எறிவது, மீனுக்காக இடுப்பளவு இறங்குவது இரண்டும் தனியாக வந்தவனுக்கு ஆகாது. காற்றடைத்த சின்னப் படகு தூக்கி வருகிறவர்கள் உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும், பையில் வைத்துக்கொண்டல்ல.

கரையில் முதல் பத்து நிமிடம்

குட்டை கண்ணில் பட்டதும் ஓடிப்போய்க் கரையில் நிற்பது மனித இயல்பு. அதைச் செய்யாதீர்கள். அப்படி நான் விரட்டியடித்த மீன்கள் பிடித்தவற்றைவிட அதிகம். கரையோரம் மீன் நிற்கிற காலம் இது; உங்கள் காலடி அதிர்வு மீனின் உடம்புப் பக்கவாட்டில் ஓடும் அதிர்வறியும் கோட்டுக்கு எட்டிவிடும், நிழல் விழுந்தால் போச்சு. இருபது அடி தள்ளியே பையை இறக்கி, ராடைப் பூட்டி, முடிச்சுப் போட்டு, தண்ணீரைப் பாருங்கள்.

எந்தப் பக்கம் வெயில்? பூமியின் வடபாதியில் வசந்தத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். ஆகவே குட்டையின் வடக்குக் கரைக்கும் வடமேற்கு மூலைக்கும்தான் நாள் முழுக்க வெயில். வடமேற்கு மூலைக்கு இன்னொரு வசதி, குளிர்ந்த வாடையிலிருந்து கரைமரங்கள் மறைத்துக்கொள்ளும். அந்த மூலையில் அடித்தளம் கறுத்த சேறாக இருந்தால் வெயிலை நன்றாகக் குடிக்கும். நாலைந்து நாளாகத் தென்காற்று வீசியிருந்தால், மேல்மட்டத்துச் சூடான தண்ணீரையும் அது வடக்குக் கரையில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். தென்பாதி நாடுகளில் மீன்பிடிக்கிறவர்கள் வடக்கைத் தெற்காக மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமா, தெர்மாமீட்டரை நரம்பில் கட்டி முழம் ஆழத்தில் இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். மேலே மட்டும் தொட்டுப் பார்த்தால் ஏமாற்றும். குட்டையின் நிழல் பக்கம் 11, வெயில் மூலையில் 14 என்று ஒரே நாளில் பார்த்திருக்கிறேன். நிழல் பக்கம் ஒரு மணி நேரம் எறிந்து ஒன்றும் இல்லை. வெயில் மூலையில் மூன்றாவது எறிக்கே இழுத்தது. அதே இரை, அதே கை.

பனி உருகி வரும் ஓடையின் வாய் தொடக்க வாரங்களில் வீண், குளிர்ந்த தண்ணீர். வெதுவெதுப்பான மழை பெய்த மறுநாள் மட்டும் அங்கே போய்ப் பாருங்கள்.

முடிச்சும் எறியும்

ஒரே ஒரு முடிச்சு தெரிந்தால் போதும், பாலமார். நரம்பின் நுனியை ஒரு சாண் அளவு இரட்டையாக மடித்து, அந்த மடிப்பை முள்ளின் கண்ணுக்குள் விடுங்கள். இரட்டை நரம்பைக்கொண்டே சாதாரணமாக ஒரு முடிச்சு, தளர்வாக. முள் கீழே தொங்கும். இப்போது மடிப்பு வளையத்தை விரித்து, முள்ளை அதற்குள் முழுதாக நுழைத்து எடுங்கள். எச்சில் தொட்டு ஈரமாக்கி, இரு முனையையும் பிடித்து மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வில் சூடேறிப் பலமிழக்கும்.

இரையில் ரப்பர் புழுவிலிருந்து தொடங்குங்கள். புழுவின் நடுவில் ரப்பர் வளையத்தைப் போட்டு, 1/0 முள்ளை அந்த வளையத்துக்குக் கீழே கோத்தால் அதற்குப் பெயர் வேக்கி ரிக். குண்டு வேண்டாம். பார்க்கப் பரிதாபமாக இருக்கும், இதற்கா மீன் வரும் என்று தோன்றும். தண்ணீரில் விழுந்ததும் இரண்டு முனையும் துடித்தபடி மெல்ல மெல்ல இறங்கும். பாஸால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

முதல் எறி கரையிலிருந்து தள்ளி நின்றபடி, கரையை ஒட்டி, கரைக்கு இணையாக. குட்டையின் நடுவுக்கு வீசுகிறவர்கள் மீன் இல்லாத இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரை விழுந்ததும் ஒன்றும் செய்யாதீர்கள். இழுக்காமல், ஆட்டாமல் நரம்பைத் தளரவிட்டு, அது தண்ணீரைத் தொடும் புள்ளியையே பாருங்கள். பத்து வரை எண்ணுங்கள். அடியைத் தொட்டபின் ராடின் நுனியை ஒரு முழம் தூக்கி, மறுபடி விடுங்கள்.

மீன் எடுப்பது பல நேரம் கைக்குத் தெரியாது. நரம்பு ‘டிக்’ என்று ஒரு துள்ளல் துள்ளும், அல்லது இறங்கிக்கொண்டிருந்தது பாதியில் நின்றுவிடும், அல்லது எந்தக் காரணமும் இல்லாமல் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். அப்போது தளர்வைச் சுற்றி எடுத்து, ராடைப் பக்கவாட்டில் உறுதியாக இழுங்கள். மேலே சுண்டி இழுத்து மீன் தவறினால் முள் உங்கள் முகத்துக்கே வரும்.

விழுந்த மரக்கிளைக்குள்ளும் கோரைக்குள்ளும் போட வேண்டுமென்றால் டெக்சாஸ் ரிக். 3/0 முள்ளின் கூர்நுனியைப் புழுவின் தலையில் குத்தி, அரை விரற்கடை தள்ளி வெளியே எடுத்து, முள்ளின் கண் தலைக்குள் புதையும்வரை இழுத்து, திருப்பி, நுனியைப் புழுவின் உடம்பிலேயே புதைத்துவிடுங்கள். நுனி மறைந்திருப்பதால் கிளையில் மாட்டாது. புழு நேராகத் தொங்குகிறதா என்று பாருங்கள், வளைந்திருந்தால் சுழன்று நரம்பை முறுக்கிவிடும்.

காற்றடித்துத் தண்ணீர் கலங்கியிருந்தால் ஸ்பின்னர்பெயிட்டைக் கரையோரமாக, தகடு சுழல்வது கையில் உணர்கிற வேகத்தில் மெதுவாகச் சுற்றுங்கள். தண்ணீர் இன்னும் 10, 11 டிகிரிதான் என்றால் ஜெர்க்பெயிட்: இரண்டு இழு, அப்புறம் நிறுத்தி ஐந்து பத்து வினாடி காத்திருங்கள். கொக்கு காத்திருப்பதைப் போல. அந்த நிற்கிற நேரத்தில்தான் அடிக்கும்.

ஒரு இடத்தில் பத்து எறி, இல்லையென்றால் பத்தடி நகருங்கள். ஒன்று கிடைத்தால் நகர வேண்டாம். சூடான மூலையில் ஒன்று தனியாக நிற்பது அபூர்வம்.

கூட்டின் மேல் நிற்கும் மீன்

தண்ணீர் 16-ஐத் தாண்டிய பிறகு போனால், கரையோரம் கறுத்த அடித்தளத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக, வட்டமாக வெளுத்த இடங்கள் தெரியும். அவை கூடுகள். ஆண் மீன் வாலால் சேற்றைத் துடைத்து, கெட்டியான தரையை வெளிப்படுத்தி அமைத்தவை. பெண் மீன் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டை பொரியும்வரையும், குஞ்சுகள் ஓரளவு தேறும்வரையும் காவல் அப்பனுடையது. அந்த நாட்களில் அது பெரும்பாலும் இரை தேடிப் போவதில்லை. கூட்டை நெருங்கியதையெல்லாம் துரத்தும்.

அந்தக் கோபத்தைப் பயன்படுத்தி அதைப் பிடிப்பது சுலபம். புழுவைக் கூட்டுக்குள் போட்டால் வாயில் கவ்வி வெளியே கொண்டுபோய்த் துப்பப் பார்க்கும், முள் ஏறிவிடும். சட்டம் அனுமதிக்கிற இடங்களிலும் நான் அதைச் செய்வதில்லை. ஒருமுறை மரத்தின் மேலிருந்து கூடு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவல் மீன் ஒரு ஆமையைத் துரத்திக்கொண்டு நாலடி விலகிய நொடியில், சுற்றிக் காத்திருந்த புளூகில் மீன்கள் ஏழெட்டு உள்ளே பாய்ந்து தலையைக் குத்தித் தின்னத் தொடங்கின. காவல் மீன் திரும்பி வந்து சிதறடிக்க நான்கைந்து வினாடிதான் ஆகியிருக்கும். அதைத் தூண்டிலில் இழுத்து, முள் கழற்றி, படம் எடுத்து விட இரண்டு நிமிடமாவது ஆகும். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கூடுகள் தெரிந்தால் விலகி, சற்று ஆழமான விளிம்பில் போடுங்கள். இன்னும் முட்டையிடாத பெரிய பெண் மீன்களும், இட்டு முடித்துக் களைத்தவையும் அங்கேதான் நிற்கும்.

கையில் வந்தபின்

கிளம்பும் முன்பே எல்லா முள்ளின் எதிர்முள்ளையும் குறடால் நசுக்கிவிடுங்கள். மீன் தப்பும் என்று பயப்படுவார்கள். நரம்பைத் தளரவிடாமல் இருந்தால் அவ்வளவாகத் தப்பாது.

பாஸுக்குக் கூரிய பல் இல்லை, உப்புக்காகிதம் போலச் சொரசொரப்பு மட்டும். கையை நனைத்து, கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடியுங்கள். கனமான மீனென்றால் இன்னொரு கையால் வயிற்றைத் தாங்குங்கள். தாடையைப் பிடித்துக் கிடைமட்டமாக வளைத்துப் படம் எடுத்தால் தாடைக்குக் காயம் ஆகலாம், அப்புறம் இரை பிடிக்கச் சிரமப்படலாம். முள் தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காமல் நரம்பை ஒட்ட வெட்டி விட்டுவிடலாம். மீனைக் காய்ந்த புல்லில் போடாதீர்கள், அதன் மேலுள்ள வழவழப்புதான் அதற்குக் கவசம்.

உங்கள் விரலில் முள் ஏறினால்? எதிர்முள் நசுக்கியிருந்தால் வந்த வழியே வழுக்கி வந்துவிடும். நசுக்காத முள் என்றால், முள்ளின் வளைவில் ஒரு துண்டு நரம்பைச் சுற்றி, முள்ளின் தண்டைத் தோலோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, தண்டுக்கு இணையாகப் பின்னோக்கி ஒரே வெட்டு இழுப்பு. யோசித்துக்கொண்டே மெதுவாக இழுத்தால்தான் வலி. கண்ணருகே ஏறினால் கை வைக்காமல், மூடிக் கட்டிக்கொண்டு நேரே மருத்துவரிடம்.

வீட்டுக்கு வந்ததும் உண்ணி பார்க்க வேண்டும். வசந்தத்தில் லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பும் கறுப்புக்கால் உண்ணியின் இளம் பருவம் கசகசா அளவுதான் இருக்கும். முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி. ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டிக் கிடந்தால்தான் நோய் தொற்றும், அதனால் அன்றிரவே பார்த்துவிட்டால் கவலை குறைவு. காலணியின் அடிச்சேற்றையும் பாசியையும் கழுவிக் காயவையுங்கள், ஒரு குட்டையின் செடியும் பூச்சியும் உங்கள் காலில் ஏறி அடுத்த குட்டைக்குப் போய்விடும். அப்புறம் ஒரு நோட்டில் தேதி, தண்ணீரின் சூடு, எந்த மூலை, எத்தனை மணி என்று எழுதி வையுங்கள். என் நோட்டில் முதல் பக்கத்தில் இருப்பது அந்தப் புல்வெளிதான்: ‘ஏப்ரல் 23. தண்ணீர் இல்லை. மான் 2.’